மீனுக்கு பைப் போட்டுப் பார்!

ஊர் பேரே 'எப்போதும்வென்றான்'! எட்டயபுரம் தாண்டி தூத்துக்குடி போற ரோட்டுல பஸ் ஜன்னல் வழியா அந்த போர்டைப் பார்த்திருப்பீங்க. அரியர் வெச்சிருக்கிற நம்ம ஜாதி பசங்களுக்கு அந்த போர்டு பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து பாக்கெட்ல வெச்சுக்கணும்னு தோணும். அப்படியாப்பட்ட ஊர்ல போய் வரிசையா மூணு தடவை தோத்துட்டு வந்த டீம் நாங்க. தோற்கடிச்சது யாருங்கிறீங்க? ஒரு பிளாஸ்டிக் பைப்!

மேட்டர் இதுதான். என் கிளாஸ்மேட்டோட சித்தப்பாவுக்கு அந்த ஊர்ல மானாவாரி நிலம். மழை பெய்ஞ்சா உளுந்து, பாசி. பெய்யலைன்னா வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். வானத்தை நம்பாம ஏதாச்சும் பண்ணணும்னு வீட்டுப் பின்னாடி நாலு சிமென்ட் தொட்டி, ஒரு சின்ன குளம்னு கட்டி, வண்ணமீன் வளர்க்க இறங்கிட்டார் மனுஷன். 2020-ல ஆரம்பிச்ச பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல, வீட்டுக் கொல்லையில வண்ணமீன் வளர்க்கிறதுக்கும் மானியம் வெச்சிருந்தாங்க. சித்தப்பா மானியத்துக்கெல்லாம் காத்திருக்கலை. சொந்தக் காசு.

'முதல்ல மோலி. அது பிழைச்சா கப்பி, அப்புறம் குளத்துல கோய்'னு தெளிவா பிளான் வெச்சிருந்தார். மோலி நல்ல சாய்ஸ். கடினத் தண்ணி, லேசா உப்புத் தண்ணி ரெண்டையும் தாங்குற மீன் அது. நம்ம பக்கத்து போர் தண்ணிக்குன்னே பிறந்தது மாதிரி! அதுலயும் போர் தண்ணி ரொம்ப கரிச்சதால, டிராக்டர் டேங்கர்ல நல்ல தண்ணி வாங்கிக் கலந்து தொட்டியை நிரப்பியிருந்தார்.

அடுத்து தண்ணி சுத்தணும். தரையில ஒரு ஃபில்டர் டிரம். அதுக்குள்ள பம்ப். பம்ப்ல இருந்து தொட்டிக்கு பைப். தொட்டி வழிஞ்சு திரும்ப டிரம்முக்கு ஒரு பைப். அவ்வளவுதான் சிஸ்டம். "ஏலே, வீட்டுல ரெண்டு இன்ஜினீயர் இருக்கும்போது பிளம்பர் எதுக்குடே?"ன்னார் சித்தப்பா. நாங்களும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம். அங்கதான் ஆரம்பிச்சுது!

எந்த ஒரு இன்ச்?

பைப் வீட்டுலயே இருந்துச்சு. தோட்டத்துக்கு வாங்கி மிஞ்சின சாம்பல் கலர் பி.வி.சி., ஒரு இன்ச். வழியில ஒரு கடையில நிறுத்தி, "ஒரு இன்ச் எல்போ பத்து, டீ அஞ்சு, டேங்க் நிப்பிள் நாலு"ன்னு கெத்தா கேட்டோம். வெள்ளை வெளேர்னு பளபளன்னு எடுத்துக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து சொருகினா, பைப் உள்ள போய் லொடலொடன்னு ஆடுது. 'சொல்யூஷன் ஊத்தினா சரியாயிடும்'னு நண்பன் தைரியம் சொன்னான். கொழகொழன்னு ஊத்தினோம். பம்ப்பை ஆன் பண்ணினதும் எல்லா ஜாயிண்ட்லயும் பன்னீர் தெளிச்சுது. கல்யாண வீடு மாதிரி!

மறுநாள் வேற கடை. அங்க இருந்த அண்ணாச்சி எங்க எல்போவையும் பைப்பையும் கையில வாங்கிப் பார்த்துட்டு கேட்ட கேள்வியை நாலு வருஷ சிலபஸ்ல எந்த புரொஃபசரும் கேட்டதில்லை. "தம்பி, ஒரு இஞ்சுன்னா எந்த ஒரு இஞ்சு? என்கிட்ட மூணு ஒரு இஞ்சு இருக்கு."

வெர்னியரை வெச்சு அளந்து பார்த்தப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சுது. விவசாயத்துக்கும் குடிதண்ணிக்கும் வர்ற சாம்பல் கலர் பைப், ஐ.எஸ். 4985 தரம். அதுக்கு அளவு வெளி விட்டத்துல, மில்லிமீட்டர்ல. நம்ம ஆளுங்க 'ஒரு இன்ச்'னு சொல்றது உண்மையில 32 மி.மீ. வீட்டு பிளம்பிங்குக்கு வர்ற வெள்ளை யு.பி.வி.சி. அமெரிக்க அளவு. அதோட ஒரு இன்ச்சுக்கு வெளி விட்டம் 33.4 மி.மீ. சுடுதண்ணிக்கு வர்ற சந்தன கலர் சி.பி.வி.சி. இன்னொரு கணக்கு. அதோட ஒரு இன்ச் வெறும் 28.6 மி.மீ.! மூணுக்கும் பேர் மட்டும் ஒண்ணு. ஒண்ணோட எல்போ இன்னொண்ணுக்கு சேராது. நாங்க 32 மி.மீ. பைப்பை 33.4-க்குள்ள விட்டிருக்கோம்.

'அந்த இடைவெளியை சொல்யூஷன் அடைச்சிராதா?'ன்னு நினைச்சதுதான் அடுத்த தப்பு. அது ஃபெவிகால் மாதிரி ஒட்டுற சமாசாரமே இல்லை பாஸ். அதுல இருக்கிற கரைப்பான் ரெண்டு பிளாஸ்டிக் மேற்பரப்பையும் லேசா கரைச்சு, ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கலக்க விட்டுட்டு ஆவியாகிடும். கிட்டத்தட்ட வெல்டிங்! ரெண்டும் இறுக்கமா தொட்டாதான் வேலை செய்யும். உப்புத்தாளால தேய்ச்சு, துடைச்சு, தடவி, கால் திருப்பு திருப்பிச் சொருகி, அரை நிமிஷம் அசையாம பிடிச்சுக்கணும். நம்ம ஊர் உச்சி வெயில்ல தடவின கையோட காய்ஞ்சுடும். அதனால ஒட்டுற வேலையைக் காலையிலயே முடிச்சுடுறது நல்லது. ஒட்டினதும் ஒரு நாள் விட்டு, தண்ணி ஓட்டிக் கழுவி வெளிய விட்டுட்டுத்தான் மீனை இறக்கணும். அந்த வாசனை நமக்கே தலைவலி கொடுக்குது, மீன் எங்க போகும்?

அண்ணாச்சிகிட்ட அன்னைக்கு 32 மி.மீ. எல்போ ஸ்டாக் இல்லை. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி"ன்னார். ரெண்டு நாள் பொறுத்திருந்தா இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சித்தப்பா வீட்டு கூரை மேல பழைய 20 மி.மீ. பைப்பும் அதுக்கான எல்போவும் கிடந்துச்சு. அதான், எல்லாரும் அரை இன்ச்னு சொல்வாங்களே, அது. "தண்ணி போனா போதும்ல?"ன்னு அதையே மாட்டிட்டோம்.

2000 லிட்டர் எங்கப்பா?

பம்ப் டப்பாவுல 'மணிக்கு 2000 லிட்டர்'னு போட்டிருந்துச்சு. தொட்டியில விழுந்ததைப் பார்த்தா குழந்தை மூச்சா போற மாதிரி இருந்துச்சு. 20 லிட்டர் பக்கெட்டை வெச்சுப் பிடிச்சோம். நிறைய 100 விநாடி. அதாவது மணிக்கு 720 லிட்டர்! "பம்ப் டூப்ளிகேட் போல"ன்னு தீர்ப்பு சொல்லிட்டான் நண்பன்.

பம்ப் பாவம். ஹாஸ்டலுக்குத் திரும்பி ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக்கைத் தூசி தட்டி (அந்த பேப்பர்ல என் மார்க்கை மட்டும் யாரும் கேட்கப்படாது) ஹேசன்-வில்லியம்ஸ் ஃபார்முலாவுல கணக்கு போட்டேன். மணிக்கு 2000 லிட்டரை 10 மீட்டர் நீள 20 மி.மீ. பைப் வழியா தள்ளணும்னா, உராய்வுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் வேணும். எங்க பம்ப் மொத்தமா தள்ளுறதே 2 மீட்டர்தான். அதுல ஒரு மீட்டர் தொட்டி உயரத்துக்கே போயிடுது! அதே தண்ணிக்கு 25 மி.மீ. பைப் போட்டா உராய்வு சுமார் 1.1 மீட்டர். 32 மி.மீ. போட்டா 0.3 மீட்டர். உள் விட்டம் பாதியானா உராய்வு ரெண்டு மடங்கோ நாலு மடங்கோ இல்லை... 29 மடங்கு!

இதுல இன்னொரு வேடிக்கை. 'வெயிட்டான பைப்பா கொடுங்க, 10 கிலோ பைப்பா கொடுங்க'ன்னு கேட்டு வாங்குவோம் இல்லையா? 10 மீட்டர் உயரத் தண்ணிக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம். 2 மீட்டர் தள்ளுற மீன் தொட்டி பம்ப்புக்கு 0.2 கிலோ. 4 கிலோ பைப்பே தாராளம். கால் பட்டா உடையக்கூடாதுன்னு 6 கிலோ வாங்கினா சரி. அதுக்கு மேல போனா, இந்த சாம்பல் பைப்ல வெளி விட்டம் மாறாது, சுவர் மட்டும் உள்பக்கமா தடிக்கும். காசையும் கூடக் கொடுத்து, ஓட்டையையும் சின்னதாக்கி வாங்குறோம்.

ஆனா இந்தக் கணக்கெல்லாம் நான் போட்டது மூணாவது தோல்விக்கு அப்புறம்தான்.

அந்த ராத்திரி

தண்ணி கம்மியா வருதா... 'வர்ற தண்ணியாச்சும் அடிவரைக்கும் போய் கிளறி விடட்டும்'னு ஒரு ஐடியா பண்ணோம். பைப் வாயைத் தொட்டியோட அடிமட்டம் வரைக்கும் இறக்கி விட்டோம். சத்தமும் இல்லை, சலசலப்பும் இல்லை. சூப்பர்ல? முதல்ல மோலி தொட்டி வால்வை மட்டும் திறந்து விட்டுட்டுத் தூங்கப் போயிட்டோம்.

ராத்திரி கரண்ட் போச்சு.

பம்ப் நின்னதும், பைப்ல மேல போய்க்கிட்டிருந்த தண்ணி அப்படியே திரும்புச்சு. வாய் தண்ணிக்குள்ள முங்கியிருக்கு, மறுமுனை தாழ்வா டிரம்முல இருக்கு. டியூப் போட்டு வாயால உறிஞ்சி மண்ணெண்ணெய் இறக்குவாங்களே, அதேதான். 600 லிட்டர் தொட்டி காலியாக ஒரு மணி நேரத்துக்குப் பக்கம்தான் ஆகியிருக்கும். 200 லிட்டர் டிரம் நிறைஞ்சு, வழிஞ்சு, மிச்சத்தையெல்லாம் கரிசல் மண்ணு குடிச்சிருச்சு. காலையில போய்ப் பார்த்தா, வெறும் சிமென்ட் தரையில மோலிங்க ஒட்டிக் கிடக்கு. மூலையில உள்ளங்கையளவு தேங்கின தண்ணியில பதினொண்ணு மட்டும் துடிச்சுக்கிட்டிருந்துச்சு. விட்டது அறுபது.

சித்தப்பா திட்டலை. செத்ததை எல்லாம் முறத்துல அள்ளிட்டுப் போய் முருங்கை மரத்தடியில புதைச்சுட்டு வந்தார். "மீன் போனா வாங்கிக்கிடலாம்டே. தண்ணி போச்சே..."ன்னார். அவ்வளவுதான். காலையில கொடுத்த காபியை எங்களால குடிக்க முடியலை.

இதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு ஓட்டை. நீர்மட்டத்துக்கு ஒரு விரக்கடைக்கும் கீழ, பைப்ல 6 மி.மீ. டிரில் போட்டு ஒரே ஒரு ஓட்டை! கரண்ட் போய் தண்ணி கொஞ்சம் இறங்கினதும் ஓட்டை வெளிய தெரியும், காத்து உள்ள புகும், உறிஞ்சல் அறுந்துடும். 'அதுக்குத்தான் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கே'ன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா பாசியும் மீன் கழிவும் ஒரு துளி சிக்கினா அது முழுசா மூடாது. ஓட்டைக்கு ரிப்பேரே கிடையாது. வாரம் ஒரு தடவை குச்சியால குத்தி அடைப்பு எடுத்தா போதும். அந்த ஓட்டை வரைக்கும் இறங்குற தண்ணி டிரம்முல வந்து உட்கார இடமும் விட்டு வைக்கணும். அது முக்கியம்.

உப்புல இருந்து பைப்

ரெண்டாவது ரவுண்டுக்கு எதை வாங்குறதுன்னு யோசிச்சப்ப நண்பன் ஒரு சந்தேகம் கேட்டான். "பி.வி.சி.யில குளோரின் இருக்குல்ல? குளோரின் மீனைக் கொல்லும்ல?" நல்ல கேள்வி! பி.வி.சி.யோட எடையில 57 சதவிகிதம் குளோரின்தான். அதுவும் எங்கிருந்து வருது? உப்புல இருந்து! நம்ம தூத்துக்குடி மாவட்டத்துலயே, ஆறுமுகநேரி பக்கம் சாகுபுரத்துல இருக்கிற டி.சி.டபிள்யூ. ஆலையில உப்பைப் பிரிச்சு காஸ்டிக் சோடாவும் எடுக்கிறாங்க, பி.வி.சி.யும் தயாரிக்கிறாங்க. கடலோரத்துல காயுற உப்பு, கரிசல்காட்டுக்கு பைப்பா வந்து சேருது! ஆனா அந்தக் குளோரின் பிளாஸ்டிக்கோட மூலக்கூறுக்குள்ள இறுக்கிப் பிணைஞ்சு கிடக்குது. மீனைக் கொல்றது பஞ்சாயத்து குழாய் தண்ணியில கிருமி சாக கலக்குறாங்களே, அந்த சுதந்திரமா திரியிற குளோரின். பைப்ல இருக்கிற குளோரினுக்கு பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது கூடச் சேர்க்கிற சரக்குக்கு. பி.வி.சி.யை உருக்கும்போது சூட்டுல கெட்டுப்போகாம இருக்க ஸ்டெபிலைசர்னு ஒண்ணு சேர்க்கணும். நம்ம நாட்டுல ரொம்ப காலமா அதுக்கு ஈயக் கலவைதான் ஓடிச்சு. 2021-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பி.வி.சி. பைப்ல ஈயத்துக்குன்னே தனி விதிகள் கொண்டுவந்துச்சு. அதனால கூரை மேல கிடந்த எங்க பழைய பைப், பேர் தெரியாத கம்பெனி, பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தின மலிவு சரக்கு... இதெல்லாம் மீன் தொட்டிக்கு வேண்டாம். வயரிங் பைப் ஓட்டவே வேண்டாம். அது வயர் போறதுக்கு, தண்ணி போறதுக்கு இல்லை. கலரைப் பார்த்து ஏமாறாம, பைப் மேல நீளத்துக்கும் ஓடுற எழுத்தைப் படிங்க. தர எண், விட்டம், எத்தனை கிலோ எல்லாம் அதுலயே இருக்கு. யாரும் படிக்கிறதில்லை, அவ்வளவுதான்.

வளையிற ஓஸ் பைப்பும் பி.வி.சி.தான். ஆனா வளையணும்னு எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனத்தைத் தாராளமா சேர்த்திருப்பாங்க. புது ஓஸை மோந்து பார்த்தா ஒரு வாடை வருமே... அதனால பம்ப் வாயில மாட்ட ஒரு முழம் போதும், அதுவும் குடிதண்ணிக்கு ஆகும்னு போட்டதா வாங்கிக்கங்க. கண்ணாடி மாதிரி தெரியிற ஓஸ்ல வெளிச்சம் உள்ள போய் பத்தே நாள்ல பச்சைப் பாசி பிடிக்கும்.

சி.பி.வி.சி.? சுடுதண்ணி தாங்குற பைப், விலையும் கூட. மீன் தொட்டிக்கு எதுக்கு, குழம்பு வைக்கவா? பித்தளை வால்வு, ஜி.ஐ. பைப் ரெண்டும் வேண்டாம். தாமிரமும் துத்தநாகமும் தண்ணியில கரையும். கடினத் தண்ணியில அந்த விஷம் கொஞ்சம் மட்டுப்படும்னாலும், நத்தையும் இறாலும் தாமிரத்தைத் தாங்காது. பிளாஸ்டிக் பால் வால்வே போதும்.

தொட்டியில இருந்து வழியிற தண்ணிக்கு மட்டும் அளவு வேற. அங்க பம்ப் தள்ளாது, தானா இறங்கணும். அதனால உள்ள போற பைப்பை விட பெருசா, நாங்க 50 மி.மீ. போட்டோம். மேல வலை கட்டலைன்னா மோலிக்குட்டி எல்லாம் ஃபில்டருக்கு டூர் போயிடும்!

கரிசல் மண்ணு இருக்கே...

குளத்துல இருந்து அழுக்குத் தண்ணியை முருங்கைக்கு விட, மண்ணுக்கடியில ஒரு அடி ஆழத்துல பி.வி.சி. புதைச்சிருந்தார் சித்தப்பா. அது எங்க வேலை இல்லை, எங்களுக்கு முன்னாடியே போட்டது. கோடையில ஜாயிண்ட் ரெண்டு இடத்துல விட்டிருந்துச்சு. கரிசலைப் பத்தி இடைசெவல் கி.ரா. கதையெல்லாம் படிச்சிருக்கேன். ஆனா பைப் ஜாயிண்ட்டை அது என்ன பண்ணும்னு யாரும் சொன்னதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில இந்தக் களிமண் தண்ணியைக் குடிச்சு உப்பும். வெயில்ல சுருங்கி, முழங்கை போற அளவுக்கு வெடிக்கும். மண்ணு நகரும்போது பைப்பையும் சேர்த்து இழுக்குது. வளையத் தெரியாத பி.வி.சி. ஜாயிண்ட்ல தெறிக்குது.

அதனால புதைக்கிற இடத்துக்குக் கருப்பு ஹெச்.டி.பி.ஈ. சுருள் வாங்கினோம். வளையும், நடுவுல ஜாயிண்ட்டே இல்லை. பள்ளத்தை அகலமா வெட்டி, சுத்தி ஆத்து மணல் போட்டு, கயிறு மாதிரி நேரா இழுக்காம பாம்பு மாதிரி நெளிச்சுப் போட்டோம். இதை சொல்யூஷன் போட்டு ஒட்ட முடியாது, முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. முறுக்கி இறுக்குற ஃபிட்டிங் இருக்கு. அந்தக் கருப்புக்கும் காரணம் உண்டு. ரெண்டரை சதவிகிதம் அளவுக்குக் கலந்திருக்கிற கரித்தூள் வெயிலோட புற ஊதாக் கதிரைத் தடுக்குது.

வெயில்ல நிக்கிற பி.வி.சி. நாள்பட வெளிறி, மொறுமொறுன்னு ஆயிடும். அதுக்கு எமல்ஷன் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சோம். சூட்டுல நீளவும் செய்யும். 6 மீட்டர் பி.வி.சி. பைப், 30 டிகிரி ஏறினா ஒரு சென்டிமீட்டருக்கு மேல நீளும். அதே நீள ஹெச்.டி.பி.ஈ. மூணரை சென்டிமீட்டர். கிளாம்ப்பை இறுக்கிக் கட்டாம, பைப் நகர இடம் விட்டு மாட்டினோம்.

32 மி.மீ. எல்போ வந்துடுச்சுன்னு அண்ணாச்சி போன் பண்ணினதும் ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சுது. பம்ப்பைக் கழட்டி மாட்ட ஒரு யூனியன். தொட்டிக்கு ஒரு வால்வு. பைப்புக்கு ஒரு ஓட்டை. அதே பம்ப், அதே பக்கெட். இந்த தடவை 55 விநாடியில நிறைஞ்சுது, மணிக்கு 1300 லிட்டர்! வேணும்னே பிளக்கைப் பிடுங்கிட்டு நாங்க மூணு பேரும் தொட்டியையே முறைச்சுக்கிட்டு நின்னோம். தண்ணி ஒரு விரக்கடை இறங்குச்சு. 'ஸ்ஸ்ஸ்'னு ஓட்டை காத்தை உறிஞ்சுச்சு. நின்னுடுச்சு. சித்தப்பா அரை மணி நேரம் அங்கயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் சாப்பிட வந்தார்.

தப்பிச்ச பதினொண்ணுல எட்டு பெட்டை. மோலி முட்டை போடாது, நேரா குட்டிதான் போடும். இப்ப மூணு தொட்டி நிறைஞ்சு கிடக்கு. கோய் குஞ்சு வாங்கப் போகணும்னு சித்தப்பா கூப்பிட்டிருக்கார், அப்படியே குளத்து பம்ப்புக்கு ஃபிட்டிங்கும் வாங்கணுமாம். என் பேன்ட் பாக்கெட்ல விரல் நீளத்துக்கு அறுத்த 32 மி.மீ. பைப் துண்டு ஒண்ணு இருக்கு. எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல அதை எடுத்து மேஜை மேல வெச்சுட்டுத்தான் வாயைத் திறக்கிறது.